குண்டு துளைக்காத புளி

ஒரு காட்டில் ஒரு புலி ராஜா இருந்தார். வீரத்தில் குறை சொல்ல முடியாது. 'ள' மட்டும் வராது.

அது ஒன்றும் குற்றமில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது? ஆனால் அதே காட்டில் ஒரு முயல் இருந்தார். அடுத்தவர் தமிழில் தப்புக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாரும் அவரைப் புலவர் என்றே கூப்பிட்டார்கள், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

ஒருநாள் ராஜா கூட்டம் போட்டு, "காடு முழுக்கப் பல்லிக்கூடம் திறப்பேன்!" என்று முழங்கினார். பல்லிகள் கை தட்டின. புலவர் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, "பல்லிக்கூடம் இல்லீங்க அரசே, பள்ளிக்கூடம். நாக்கை நல்லா மடிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கூட்டம் சிரித்துவிட்டது. ராஜா சிரிக்கவில்லை.

"இன்று முதல் நான் சொல்வதுதான் சரியான தமிழ். எவனாவது திருத்தினால் தொலைந்தான்!"

அந்த மழைக்காலத்தில் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். யானை துரத்தியதில் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு நாட்டுத் துப்பாக்கி, ஒரு இரட்டைக்குழல், ஒரு ரைஃபிள். அவற்றைப் பார்த்ததிலிருந்து ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. குண்டு துளைக்காத சட்டை வேண்டும் என்றார். தளபதி கரடி தலைமையில் குழு அமைந்தது. ஊருக்குள் புகுந்து, கையில் கிடைத்ததைத் தூக்கிவரும் வேலை குரங்குக்கு.

முதலில் இலவம்பஞ்சு மெத்தை. நாட்டுத் துப்பாக்கிக்கே தாங்கவில்லை. பஞ்சு பறந்து யானை தும்மியதுதான் மிச்சம். அப்புறம் தோசைக்கல். இரட்டைக்குழலுக்கு அது இரண்டாகப் பிளந்தது. எந்த வீட்டில் அன்று உப்புமாவோ, பாவம். கடைசியாகக் குரங்கு ஒரு பரணிலிருந்து பெரிய பானை நிறையப் பழம்புளி கொண்டுவந்தது. உப்புப் போட்டு அமுக்கிக் கறுத்துப்போன புளி. அதைத் திண்டு போலத் தட்டி நிறுத்திக் கரடி சுட்டார். நாட்டுத் துப்பாக்கிக் குண்டு ஒரு விரற்கடை போய் ஒட்டிக்கொண்டது. இரட்டைக்குழல் குண்டும் பாதியில் நின்றுவிட்டது. குழுவுக்கு வாயெல்லாம் எச்சில், முகமெல்லாம் பெருமை.

பாக்கி ரைஃபிள். அதைத் தன் முன்னிலையில் சோதிக்க வேண்டும் என்றார் ராஜா. "பின்னால ஒரு ஆலை நிறுத்து. அப்பதான் நம்புவேன்."

ஆலைக்கு எங்கே போவது என்று கரடி விழித்தார். திருத்தத்தான் யாருக்கும் தைரியமில்லை.

"அந்தப் புலவரை நிறுத்துய்யா!" என்றார் ராஜா.

செய்தி வந்ததும் புலவரின் மனைவி அழுதுவிட்டார். "அன்னைக்கே காதைப் பிடிச்சு இழுத்தேன்ல? உட்காருங்கன்னு சொன்னேன்ல? குட்டிங்களைவிட உங்களுக்கு 'ள'தான் பெருசாப் போச்சு!"

புலவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். தப்பில்லாத ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை.

மறுநாள் காலை புளித் திண்டுக்குப் பின்னால் அவரை நிறுத்தினார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது. முன்னாலும் புளி, உள்ளேயும் புளி. பக்கத்து மேடையில் மாலையும் கழுத்துமாக ராஜா. கரடி ரைஃபிளைத் தோளில் சாத்தினார்.

ராஜா கை தூக்கினார். "தலபதி! புலியைச் சுடு!"

கூட்டம் ராஜாவையும் புளியையும் மாறி மாறிப் பார்த்தது.

கரடி உத்தரவை மீறாதவர். அர்த்தம் கேட்டுப் பழக்கமும் இல்லை. இருந்தாலும் இது கொஞ்சம் பெரிய விஷயம். துப்பாக்கியை இறக்காமலே, "என்ன புலவரே, புலியையா, புளியையா?" என்று கேட்டார்.

"அவன்கிட்ட என்ன கேட்கிறே? சொன்னதைச் செய்! புலியைச் சுடு!" என்று ராஜா கத்தினார்.

பழக்க தோஷத்தில் புலவரின் நாக்கு மடிந்தது. கூட்டத்தில் குட்டிகளை அணைத்தபடி நின்ற மனைவியைப் பார்த்தார். மடிந்த நாக்கை மெல்ல நிமிர்த்திக்கொண்டார்.

"ராஜா தமிழ்ல தப்பே வராதுங்க தளபதி. சொன்னது சொன்னபடி."

கரடி திரும்பிச் சுட்டார். ரைஃபிள் குண்டு புலியைத் துளைக்கும் என்பது ஐயமில்லாமல் தெரிந்தது. புளியைத் துளைக்குமா என்பது இன்றுவரை தெரியாது.

அன்று மாலையே கரடி ராஜாவானார். "இனிமே எல்லாருக்கும் தினம் ஒரு வாலைப்பலம்!" என்று அறிவித்தார். குரங்குகள் பதறி வாலைப் பிடித்துக்கொண்டன. கூட்டம் முழுவதும் புலவரைத் திரும்பிப் பார்த்தது.

"அருமையான தமிழ், அரசே!" என்றார் புலவர். மீந்த புளியை ரசத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நீதி: மேலிடத்தார் தமிழைத் திருத்தாதீர்கள். வேளை வரும்போது அதுவே அவர்களைத் திருத்தும்.