லிஃப்ட் இல்லாத ஊருக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்

பிழைக்க வந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தேசிய வழி, மற்றொன்று வட்டார வழி. தேசிய வழியில் போனால் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம், உள்ளே விட்டால். வட்டார வழியில் கட்டாயம் உள்ளே விடுவார்கள், ஆனால் அவர்கள் கைகாட்டுகிற ஊரில்தான் இருக்க வேண்டும். இந்த எளிய விஷயத்தை மக்களுக்கு விளக்க அரசாங்கம் நூற்று நாற்பது பக்கத்தில் கையேடு போட்டிருந்தது.

அந்தக் கையேட்டை அடுப்படியில் வைத்துக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் லிஃப்ட்டக்காதான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள் என்பதால் குடியிருப்பு முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய தற்காலிக அனுமதி முடிய இன்னும் தொண்ணூறு நாள். அதற்குள் ஏதாவது ஒரு வழியில் நுழையாவிட்டால் அவளும் வீட்டுக்காரரும் எட்டு மாதக் கைக்குழந்தையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இப்பல்லாம் யாரு தேசியத்துல போறா? வட்டாரம்தான் பேச்சே," என்றார் வீட்டுக்காரர். ஊரில் எது புதுசாகக் கிளம்பினாலும் முதலில் அவர் காதுக்குத்தான் வரும். "மாடிவீட்டு அண்ணனும் வட்டாரத்துலதான் போட்டிருக்காரு. சுத்தமான காத்து, அமைதியான வாழ்க்கைன்னு ஒரே ஞானமாப் பேசறாரு."

"போன வருஷம் அவர்தானே, வட்டாரத்துக்குப் போறவங்கள்லாம் தேசியத்துக்கு மார்க்கு பத்தாதவங்கன்னாரு?"

"அது அவருக்கே மார்க்கு பத்தலைன்னு தெரியறதுக்கு முன்னாடி."

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று லிஃப்ட்டக்கா முதலில் தேசிய அலுவலகத்துக்குப் போனாள். அது ஒன்பதாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. இடுப்பில் குழந்தை, தோளில் கருவிப் பை, கையில் விண்ணப்பம் என்று அவள் ஏறி முடித்தபோது அதிகாரியும் அப்போதுதான் ஏறி முடித்திருந்தார். நாற்காலியில் சரிந்து, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்கா? வருத்தப்படாதீங்கம்மா. நாட்டுல லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பற்றாக்குறையே இல்ல."

"உங்க லிஃப்ட் ஓடலையே சார்."

"பதினோரு நாளா ஓடல."

"ஏன் சார்?"

"மெக்கானிக் கிடைக்கல."

லிஃப்ட்டக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கேலி எதுவும் இல்லை.

"கிடைக்காதது வேற, பற்றாக்குறை வேறம்மா," என்று அவரே பொறுமையாக விளக்கினார். "எங்க பதிவேட்டுல நானூத்திப் பன்னெண்டு மெக்கானிக் இருக்காங்க. நாட்டுத் தேவை நானூறு. பன்னெண்டு பேர் உபரி."

"அவங்கள்லாம் எங்க சார் இருக்காங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். "எல்லாரும் வட்டார வழியில வெளியூர் போயிருக்காங்க."

"அங்கெல்லாம் லிஃப்ட் இருக்கா?"

"அது அந்தந்த ஊரோட உள் விவகாரம்."

இறங்கும்போது நாலாவது மாடியில் நின்று பார்த்தாள். கதவுச் சென்சாரில் தூசி. வாயால் ஒரு ஊது ஊதினால் ஓடிவிடும். ஊதவில்லை. நாட்டுக்குத் தேவையில்லாத ஆள் நாட்டுத் தூசியை ஊதி, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

ஆக வட்டாரம் என்று முடிவாயிற்று. ஊர்வாரிப் பற்றாக்குறைப் பட்டியலில் அவள் தொழிலுக்கு நேராக ஒரே ஓர் ஊர்தான் இருந்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம். இறங்கிப் பார்த்தால் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. அந்த ஊரிலேயே உயரமானது ஊர் மன்ற அலுவலகத்து வாசல்படி. ஐந்து படி.

மன்றச் செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துக் கிடக்கோம். லிஃப்ட் மெக்கானிக் விஷயத்துல நாங்கதான் நாட்டுலயே முதலிடம். நூறு சதவீதப் பற்றாக்குறை."

"ஊர்ல எத்தனை லிஃப்ட் சார்?"

"லிஃப்ட் கிடையாது."

"அப்புறம் மெக்கானிக் எதுக்கு?"

"மெக்கானிக்கே இல்லாத ஊர்ல எவனாவது லிஃப்ட் வாங்குவானாம்மா?"

இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல லிஃப்ட்டக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

'இந்த வட்டாரத்தை நான் உளமார நேசிப்பது ஏன்?' என்று இருநூறு வார்த்தையில் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றார்கள். வந்து இறங்கி நாற்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் பேனாவை வாங்கி, சுத்தமான காற்று என்பதையே ஒன்பது விதமாக எழுதிக் கொடுத்தார். இரண்டு வருட அனுமதி கிடைத்தது. முடிவில் நிரந்தர முத்திரை.

மெக்கானிக் வந்துவிட்டதால் மன்றம் முறைப்படி ஒரு லிஃப்ட் வாங்கியது. தரையிலிருந்து மொட்டை மாடிக்குப் பன்னிரண்டு அடி. தினமும் காலையில் செயலாளர் அதில் ஏறி மேலே போவார், நாலு பக்கமும் பார்ப்பார், இறங்கி வருவார். அதற்குக் 'கள ஆய்வு' என்று பெயர்.

போகப் போக லிஃப்ட்டக்காவுக்கு அக்கம்பக்கம் பழகியது. எதிர்வீட்டுக்காரர் துறைமுகக் கிரேன் ஓட்டுநர். கடல் அங்கிருந்து இரண்டு நாள் தூரம். அடுத்த வீட்டம்மா சுரங்கப்பாதை இன்ஜினியர். ஊரில் மேடு என்று சொல்ல ஒரு மண்குவியல்கூட இல்லை. எல்லாரும் நூறு சதவீதப் பற்றாக்குறையில் வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் எப்போதோ பெரிய நகரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் குழந்தைகள் காப்பகத்து ஆயா ஒருத்திதான்.

இரண்டாவது வருஷம் முடியும் சமயம் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். முகம் தொங்கியிருந்தது.

"முத்திரை குத்தணும்னா உங்க தொழில் இன்னமும் பற்றாக்குறையில இருக்கணும்மா. இப்ப ஊருக்குத் தேவை ஒரு மெக்கானிக். கையில இருப்பு ஒண்ணு. பற்றாக்குறை பூஜ்யம்."

"அந்த இருப்பே நான்தானே சார்."

"அதுதான் சிக்கலே. நீங்க மட்டும் இங்க இல்லாம இருந்தா உங்களுக்கு இன்னிக்கே குத்திக் கொடுத்திருப்பேன்."

"குத்தலைன்னா?"

"குடும்பத்தோட கிளம்பணும்."

குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் மூன்று வயது முடியப் போகிறது. இந்த ஊரைத் தவிர அதற்கு வேறு ஊர் தெரியாது. லிஃப்ட்டக்கா நாற்காலியை விட்டு நகரவில்லை. செயலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வர்ற புதன்கிழமை தலைமையகத்துல இருந்து ஆள் வந்து எந்தத் தொழில்ல எத்தனை பேர்னு எண்ணுவாங்க. அன்னிக்கு ஒரு நாள் நீங்க ஊர்ல இல்லாம..."

"இல்லாம?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

புதன்கிழமை காலையில் மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு லிஃப்ட்டக்காவும் வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடமில்லை. கிரேன் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியரம்மா முக்காடு போட்டிருந்தாள். முன் சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு, செயலாளர்.

"சார், நீங்களுமா?"

"நான் மட்டும் என்ன, வானத்துல இருந்து குதிச்சேனா? பட்டியல்ல செயலாளர்னும் ஒண்ணு இருந்துச்சும்மா."

ஊர் எல்லையைத் தாண்டி ஒரு மரத்தடியில் ஊரே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. இப்படி ஓர் ஒற்றுமையைத் தான் பார்த்ததே இல்லை என்றார் வீட்டுக்காரர்.

கணக்கெடுக்க வந்தவர் தெருத்தெருவாக நடந்தார். எல்லா வீட்டிலும் பூட்டு. காப்பகம் மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஆயாவும் பதினேழு குழந்தைகளும். இருப்பவர்கள் விவரம் வேண்டும் என்றார். ஆயா வருகைப் பதிவேட்டை நீட்டினாள். பிள்ளைகளின் பெயர் அவளுக்கு வாயில் நுழையாது. அதனால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிய கதவு எண்ணோடு வீட்டுத் தொழிலையே எழுதி வைத்திருந்தாள். கிரேன், சுரங்கம், லிஃப்ட், செயலாளர். வந்தவர் அதை அழகான கையெழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். ஆனால் அவருடைய படிவத்தில் வயதுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைக் கவனிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. லிஃப்ட்டக்கா நின்றபடியே படித்தாள்.

'மேற்படி ஊரில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே வசித்து வருவது நேரடி ஆய்வில் ஐயமற உறுதிப்பட்டிருப்பதால், தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேற்படி மெக்கானிக் இதுநாள்வரை எந்த வழியிலும் விண்ணப்பிக்காததால் அவர் உள்ளூர்க்காரராகவே கருதப்பட்டு, நிரந்தர உரிமை பெறுகிறார். அவரை அண்டி வாழ்வோர் என்ற முறையில் தாங்களும் தங்கள் கணவரும் உடன் தங்கலாம். அண்டி வாழ்வோர் வேலை பார்ப்பது தண்டனைக்குரியது.'

"நமக்குத் தெரியாம எவன் அந்த மெக்கானிக்?" என்று வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார்.

"முகவரி நம்ம வீடுதாங்க."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்து, ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டக்கா 'உடன் தங்கலாம்' என்ற இடத்தை மட்டும் மூன்று முறை படித்தாள். பிறகு உட்கார்ந்து, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தாள்.

அன்று தெருவில் எல்லார் வீட்டுக்கும் அதே கடிதம்தான். ஊர் பிழைத்தது. இப்போது லிஃப்ட் நின்றுபோனால் லிஃப்ட்டக்கா மகளை இடுப்பில் தூக்கிப் போகிறாள். ஸ்பேனர் மகள் கையில், மகள் கை அவள் கையில். யாராவது கேட்டால், "பாப்பாதான் ரிப்பேர் பண்றா, நான் சும்மா கூட வந்தேன்," என்கிறாள். மன்றத்தில் செயலாளரின் இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு தலையணை மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று ஃபைலை நீட்டுகிறார். பிள்ளை எதையும் படிப்பதில்லை, கையில் கிடைத்ததில் எல்லாம் ஓங்கி முத்திரை குத்துகிறது, பிடிக்காததைத் தூக்கிக் கீழே போடுகிறது. வேலையை முடித்துக்கொள்ள வந்தவர்கள் கைகட்டி நின்று அதற்கு வேடிக்கை காட்டுகிறார்கள்.

வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்கிறாள் இத்தனை வருஷமாகச் செயலாளர்களைப் பார்த்துவரும் ஆயா. முன்பு இருந்தவர்கள் மதியத்தில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூங்குவார்களாம், அவ்வளவுதான்.