அடுத்து வருவது ஆரோக்கியமேரி காளை

கம்ப்யூட்டர் படித்தவனை ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிடலாம். வயிறாரச் சாப்பாடும் போடலாம். லேப்டாப்பை மட்டும் எடுத்துவரச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் இந்தப் பாடத்தை என்னிடம்தான் கற்றுக்கொண்டது. ஃபீஸ் கட்டியது என் அக்கா.

ஊர் கறம்பக்குடிப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே கெடுத்தது போதும். அந்தோணியார் பொங்கலை ஒட்டி அங்கே ஜல்லிக்கட்டு நடக்கும். என் அக்கா ஆரோக்கியமேரி உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். மச்சான் மஸ்கட்டில் இருக்கிறார். ஒருமுறை லீவில் வந்தவர் ஒரு கன்றுக்குட்டியை வாங்கிக் கொட்டிலில் கட்டிவிட்டு ஃப்ளைட் ஏறிவிட்டார். அதற்கு ராசு என்று பெயர் வைத்து, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, கண்மாயில் நீச்சல் பழக்கி, மண்ணைக் குத்தப் பழக்கி, காளையாக நிறுத்தியது அக்கா. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு அது நடந்து வந்தால் நானே ஒதுங்கி நிற்பேன். (கன்றாக இருந்தபோதும் ஒதுங்கித்தான் நின்றேன், அது வேறு விஷயம்.)

ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மாட்டை யார் வளர்த்தாலும் மைக்கில் வீட்டு ஆம்பளை பெயரைத்தான் சொல்வார்கள். அவர் கயிற்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், கடல் தாண்டி இருப்பார், இருந்தாலும் அவர் காளைதான். அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ராசு முதன்முதலாக வாடிவாசலுக்குப் போகப்போகிற அந்த வருடம் எனக்குப் போன் செய்தாள்.

"ஜெயிக்குதோ தோக்குதோ, அது மாட்டுப் பாடு. ஒரே ஒரு தடவை மைக்ல எம் பேரு வரணும்டா. நான் வளத்த மாடுன்னு நாலு பேரு காதுல விழணும்."

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று நினைக்கிறேன். "ப்பூ, இவ்வளவுதானா" என்றேன். அந்தக் கணமே என்னை யாராவது கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் அந்தோணியார் கோயில் பங்குச் சாமியார் நல்ல மனிதர், எதையும் நம்பிவிடுவார். அவரிடம் பேசி ஏற்பாடு செய்தேன். பின்வாசலில் மாடுகள் வரிசையில் நுழைய நுழைய, வளர்த்தவர் பெயரோடு செல்போனில் பதிவாகும். மேடையில் என் லேப்டாப். ஒவ்வொரு மாடு வெளியே வரும்போதும் நான் ஒரு பட்டனை அமுக்குவேன். பெரிய திரையில் பெயர் வரும், ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் அழகாகச் சொல்லும். காலங்காலமாக மைக் பிடித்துவந்த வாத்தியாரிடம், மாடு ஜெயித்ததா பிடிபட்டதா என்பதை மட்டும் திரையில் வரும் பெயரோடு சேர்த்துச் சொன்னால் போதும் என்றார் சாமியார். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இப்போது கொஞ்சம் தொழில் பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, புரோகிராமில் இட்டரேட்டர் என்று ஒரு ஆசாமி உண்டு. 'அடுத்தது' என்று கேட்டால் ஒன்றைத் தருவார். மறுபடி கேட்டால் அதற்கு அடுத்ததைத் தருவார். பின்னால் திரும்ப மாட்டார். 'சும்மா பார்க்கத்தான் கேட்டேன்' என்ற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. கேட்டால் கேட்டதுதான். வாடிவாசலும் அப்படித்தான், வெளியே வந்த மாட்டை யாரும் உள்ளே தள்ள முடியாது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். மாட்டுக்கு நம்பர் போட்டுச் சாதாரணமாக எழுதியிருந்தால் ஒன்றைக் குறைத்துப் பின்னால் போயிருக்கலாம். அது ஸ்டைலாக இல்லை என்று விட்டுவிட்டேன். ஸ்டைல்!

திருவிழா அன்று காலை, மாடுகளெல்லாம் பின்வாசலில் பதிவாகி நின்றபோது, சாமியார் மேடைக்கு வந்து வேலை செய்யுமா என்று ஒருமாதிரி கவலையாகக் கேட்டார். நான் ஸ்பீக்கரையும் திரையையும் அணைத்துவிட்டு, பட்டனை ஒரு தடவை அமுக்கிக் காட்டினேன். லேப்டாப்பில் 'கோயில் காளை' என்று வந்தது. முதலில் வருவது கோயில் காளைதான், அதை யாரும் தொடக் கூடாது, அது அந்தோணியார் மாடு. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு போனார். நானும் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

மந்திரித்த தண்ணீர் தெளித்தார்கள், வெடி போட்டார்கள், வாசல் திறந்தது. கோயில் காளை மெதுவாக வெளியே வந்தது. நான் பட்டனை அமுக்கினேன். வெளியூர்க்காரர் ஒருவரின் காளை வருவதாகவும், பிடிப்பவருக்கு ஒரு பித்தளை அண்டா என்றும் அந்தப் பெண்குரல் இனிமையாகச் சொன்னது.

உள்ளூர்ப் பையன்கள் திகைத்து நின்றார்கள். வெளியூர்ப் பையன்களுக்கு என்ன தெரியும், மைக் சொன்னால் சரி. மூன்று பேர் பாய்ந்து திமிலைப் பிடித்துத் தொங்கினார்கள். அது வயசான மாடு. வாழ்நாளில் யாரும் கை வைத்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேரையும் சுமந்துகொண்டு நேராகத் தன் வைக்கோலுக்கு நடந்தது. மேடையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கோயில் காளையைப் பின்வாசலில் பதிவு செய்ய மறந்துவிட்டார்கள் போல என்று உளறினேன்.

"காலைல நாம பாத்தோமேப்பா, வந்துச்சே" என்றார் சாமியார்.

"அது வேற, ஃபாதர்" என்றேன். (எது வேற? இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மேற்கொண்டு மாடுகள் வந்தன, நான் அமுக்கினேன், குரல் சொன்னது. எல்லாம் சரியாகப் போவதாகத்தான் நினைத்தேன். ராசுவைத் தவிர எனக்கு எல்லா மாடும் ஒன்றுதான். மாட்டுக்காரர்கள் சிலர் தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கத்தினார்கள். பாராட்டுகிறார்கள் என்று நானும் கையை ஆட்டினேன்.

அப்போது அந்தக் குரல் சொன்னது: "அடுத்து வருவது, ஆரோக்கியமேரி வளர்த்த காளை."

எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு கம்பீரமாகச் சொன்னது தெரியுமா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. களத்தின் கடைசியில், ஓடிவரும் மாடுகளைப் பிடித்துக் கட்டும் இடத்தில், கயிறும் கையுமாக அக்கா நிற்பாள், காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்தேன். வெளியே வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு நோஞ்சான் மயிலைக் காளை. நெற்றியில் சுட்டி இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. முதல் பையன் தொட்டதுமே நின்றுவிட்டது. வாத்தியார் திரையைப் பார்த்தார். காலையிலிருந்து இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஆரோக்கியமேரி மாடு, பிடிமாடு!"

காலையில் சாமியாருக்குக் காட்டிய அந்த ஒரு அமுக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கோயில் காளையை நான் டீ குடிப்பதற்கு முன்பே செலவழித்துவிட்டேன். அது முதல் ஒவ்வொரு மாடும் அதற்குப் பின்னால் நிற்கும் மாட்டின் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் ராசு? பதறிப் போய், வாசலில் மாட்டைக் கண்டதும் பழக்கத்தில் மறுபடி அமுக்கித் தொலைத்தேன்.

வந்தது ராசுதான். அடடா, அது விளையாடிய விளையாட்டை என்ன சொல்வேன்! நடுக்களத்தில் நின்று சுற்றிச் சுற்றி மண்ணை வாரி இறைத்தது. பக்கத்தில் போக ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. ஜனம் எழுந்து நின்று விசில் அடித்தது. திரையில் பெஞ்சமின் என்று இருந்தது.

பெஞ்சமின் அக்காவின் கொழுந்தன். பொம்பளை கயிறு பிடித்த மாடு வாடியை விட்டு வெளியே வருமா என்று வருஷம் முழுக்க அவளைச் சீண்டியவர். உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர் மாடுதானா ராசுவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்? பெஞ்சமின் காளை வெற்றி, பரிசு பீரோ என்று வாத்தியார் முழங்கினார். பெஞ்சமினுக்கே புரியவில்லை. ஆனாலும் ஓடிவந்து பீரோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நிறுத்தினாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். சாமியார் என் முகத்தைப் பார்த்து இரங்கி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தார். அந்த நேரத்தில் ஒரு மாடு வந்து, வாசலிலேயே விழுந்து பிடிபட்டது. அதுதான் நிஜமான பெஞ்சமின் மாடு. என் கை சாமியாரிடம் இருந்ததால் பட்டனை அமுக்க முடியவில்லை. அதனால் அதற்கு அடுத்த மாட்டிலிருந்து பெயரும் மாடும் அச்சு அசலாகப் பொருந்தின. பிறகு சாயங்காலம் வரை ஒரு பிசகும் இல்லை. ஃபாதர் ஜெபித்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டார் என்று இன்றைக்கும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முன்னாலேயே ஒரே ஒரு மாட்டுக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். அதைச் செய்ய எனக்குத் துப்பில்லை.

ஜல்லிக்கட்டு முடிந்ததும் அக்கா கயிற்றோடு மேடைக்கு வந்தாள். தன் மாடு பிடிபட்டதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ராசு, உடம்பில் ஒரு கைகூடப் படாமல், அவளைத் தேடி ஓடிவந்திருக்கிறது.

"எம் மாடு வெளிய வாரதுக்கு முன்னாடியே எப்படிடா பிடிபட்டுச்சு?"

பெரியவர்களிடம் உண்மையைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று பெஞ்சமின் கேட்டார். பீரோ அதற்குள் லோடு ஆட்டோவில் ஏறிவிட்டது. கோயில் காளையைத் தொட்ட தோஷத்துக்குப் பரிகாரம் என்ன என்பதில் பெரியவர்கள் மும்முரமாக இருந்தார்கள், அக்காவின் பெயர் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இனிமேல் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று ஒரே குரலில் முடிவானது. வாத்தியார் முழு மைக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய வழக்கமும் அவரோடு திரும்பி வந்துவிட்டது.

இப்போது அக்கா வீட்டில் நான் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் போனால்கூட, "மாமா, ஃபாதரைக் கூப்பிடவா, கையைப் பிடிச்சுக்க?" என்று அவள் பிள்ளைகள் கேட்கும். நானும் சிரித்து வைப்பேன். வருடா வருடம் ஜல்லிக்கட்டு அன்று அக்காவிடமிருந்து தவறாமல் ஒரு போன் வரும். இந்த வருடமும் வந்தது.

"எங்கடா இருக்க?"

"சென்னைலதான்க்கா."

"நல்லது, அங்கிட்டே இரு. ராசு வாடிக்குள்ள போயிருச்சு."

அவளுக்குப் பின்னால் வாத்தியாரின் குரல் கேட்டது. மஸ்கட்டில் இருக்கும் என் மச்சானின் பெயரை நீட்டி முழக்கி, அவரது காளை வருகிறது என்றார். அக்கா போனை மைக் பக்கமாகத் தூக்கிப் பிடித்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள்.

"கேட்டியாடா? ஒங்க மச்சான் மாடு வருதாம்."