ஸ்தாபகரின் இடது கை

“யாருய்யா இவரு?”

“நம்ம ஸ்தாபகர் சார்.”

“பேரு?”

“மேஜர் சுந்தரவரதன், சார்.”

மூன்று வாரத்துக்கு முன்னால், பாரிவாக்கத்தை ஒட்டிய பசுஞ்சோலை கன்ட்ரி கிளப்பில், செயலாளர் பார்த்தசாரதி தன் அறைச் சுவரில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டபோது நடந்த பேச்சு இது. பதில் சொன்னவர் ஞானசேகரன். சுந்தரவரதன் என்பது எட்டாம் வகுப்பில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயர். அந்த அவசரத்தில் வேறு பெயர் நாக்கில் வரவில்லை. மேஜர் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஞானசேகரன் கிளப்பின் குமாஸ்தா. ஒப்பந்த வேலை, மாதக் கடைசியோடு முடிகிறது. “ஐம்பதாவது ஆண்டு மலருக்கு கிளப்போட வரலாற்றை எழுதுங்க. நல்லா வந்தா நீங்க இங்கயே தொடரலாம்” என்று பார்த்தசாரதி சொல்லியிருந்தார்.

எழுதலாம். வரலாறு வேண்டுமே. பழைய குறிப்பேடுகளைக் கரையான் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்திருந்தது. உறுப்பினர் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார். ஒருவர் அரைமணி நேரம் தன் முழங்கால் அறுவை சிகிச்சையைச் சொன்னார். மிஞ்சியது செயலாளர் அறையில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். கோட்டுப் போட்ட இளைஞர். வலது கையில் கோல்ஃப் மட்டை. இடது கை சட்டத்துக்கு வெளியே எங்கோ போயிருந்தது.

மறுநாளே அந்தக் கையால் வம்பு வந்தது.

“அந்தக் கை எங்கய்யா போகுது?” என்றார் பார்த்தசாரதி.

“ஏரிப் பக்கமா காட்டறாரு சார். ‘இந்த மேட்டுல ஒன்பது குழி வெட்டுங்க’ன்னு சொன்ன நேரத்துல எடுத்தது.”

பார்த்தசாரதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே வாரத்தில் நீட்டிய கை கிளப்பின் சின்னமானது. தொப்பியில் தைத்தார்கள், தேநீர்க் கோப்பையில் அச்சடித்தார்கள். கழிவறைக்கு வழிகாட்டும் பலகையிலும் மேஜரின் கைதான்.

“விழாவுக்கு மேஜரோட வாரிசுங்களைக் கூப்பிட்டு மேடையில கௌரவிக்கணும். விலாசம் கண்டுபிடிங்க.”

ஞானசேகரன் முந்திக்கொண்டார். “வாரிசே இல்ல சார். கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல.”

“ஏன்?”

“கோல்ஃபையே கட்டிக்கிட்டாரு சார்.”

அது மலரில் ஒரு அத்தியாயத்தின் தலைப்பாகிவிட்டது. கூடவே பிரம்மச்சாரி கோப்பை என்று புதுப் போட்டி. கல்யாணமாகாதவர்கள் மட்டும் ஆடலாம். இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவருக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

வீட்டில் மனைவி ரேவதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கணக்கு வாத்தியாரைப் பிரம்மச்சாரி ஆக்கிட்டீங்களே. அவருக்கு நாலு பொண்ணுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அவர் வேற, இவர் வேற ரேவதி.”

“இவர் யாரு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி முழிக்கறேன்?”

“பேசாம உண்மையைச் சொல்லிடுங்க.”

“சொன்னா வேலை போயிடும்.”

“சொல்லலைன்னா?”

“மேஜருக்குச் சிலை வெப்பாங்க.”

இரண்டில் வேலை போவதே மேல் என்று தோன்றியது. காலையில் துணிந்து செயலாளர் அறைக்குப் போனார். அங்கே ஓய்வு பெற்ற கர்னல் உத்தமன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“சுந்தரவரதன் அங்கிள் எங்கப்பாவுக்கு உயிர் சிநேகிதர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் கர்னல். “என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவார். பொம்பளைங்க எதிர்ல வந்தா மட்டும் பத்தடி தள்ளி நடப்பார். அப்படி ஒரு கூச்சம்.”

“பாத்தீங்களா, நேர்ல பழகினவரே கிடைச்சுட்டார். இதையும் சேத்து எழுதிடுங்க” என்றார் பார்த்தசாரதி.

கொண்டுவந்த உண்மையை ஞானசேகரன் தண்ணீரோடு விழுங்கினார். ஒரு நிமிடம் அவருக்கே சந்தேகம் வந்தது, மேஜர் நிஜமாகவே இருந்திருப்பாரோ என்று.

ஞாயிறு காலை விழா. செயலாளர் அறையிலிருந்த படத்தை மேடைக்குக் கொண்டுவந்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடியில் தூசி தெரிந்ததால் துடைப்பதற்கு அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். மைதானத்தில் புல் வெட்டுகிறவள்; கிளப் திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். பட்டியலில் அவள் பெயர் இல்லாததால் ஞானசேகரன் அவளைக் கேட்கவே இல்லை.

“எந்தப் பெண்ணின் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத அந்தத் தவசீலர்...” என்று பார்த்தசாரதி ஒலிபெருக்கியில் உருகிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை துடைத்து முடித்தும் நகரவில்லை. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு படத்தையே பார்த்தபடி நின்றாள்.

“அஞ்சலைம்மா, கீழ வாம்மா. எல்லாரும் பாக்கறாங்க” என்று கிசுகிசுத்தார் ஞானசேகரன்.

“ஒண்ணு கேக்கணும் நைனா. அம்பது வருசமா கேக்கணும்னு கீறேன்.”

“அப்பறம் கேக்கலாம்மா.”

“இன்னும் இன்னா அப்பறம்? கேட்டா வேல பூடுமோன்னு பயந்துகினே கெயவி ஆயிட்டேன்.”

ஒலிபெருக்கி அதையும் அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பார்த்தசாரதி பேச்சை நிறுத்திவிட்டுப் பெருந்தன்மையாகச் சிரித்தார். “கேளும்மா. மேஜர் பேரால இன்னிக்கு நீ எது கேட்டாலும் உண்டு.”

முன்வரிசையில் கர்னல் கை தட்டினார்.

அஞ்சலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இடது கை சட்டத்துக்குள் மறைகிற இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

“இந்தச் சட்டத்தக் கயட்டி, பின்னாடி மடிச்சு வச்சுக்கீற பாதியப் பிரிச்சு ஒரே ஒரு தபா காட்டு சார், கண்ணாலத்தன்னிக்கு இந்தக் கிளப்பு மட்டைய எரவல் வாங்கிகினு எங்க ஊட்டுக்காரரு என் தோள் மேல கை போட்டு நின்னப்போ, நான் எப்டி இருந்தேன்னு பாக்கணும்.”