பதினோரு நாளாக வாய் திறக்காத மலை

பதினோராவது நாளும் மலை வாயைத் திறக்கவில்லை.

அரிமுரா காலையிலிருந்து நான்கு முறை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டார். சகுராஜிமா எரிமலை தன் பாட்டுக்கு நின்றது. வருஷத்துக்கு நூறு, இருநூறு தடவை இருமுகிற மலை. இன்று உச்சியில் ஒரு சிகரெட் அளவுக்குக்கூடப் புகை இல்லை.

"எத்தனை மாசத்துக்கு அப்புறம் துணியை வெளிய காயப் போட்டிருக்கேன்! இன்னைக்கு ஒருநாள் அது சும்மா இருக்கட்டுமே," என்றாள் மனைவி தொமோயோ.

"இன்னைக்குத்தான் சும்மா இருக்கக் கூடாது. சம்பந்தி வர்றார்."

"இன்னும் சம்பந்தி ஆகல. அவர் சரின்னு சொல்லணும்."

அதுதான் அரிமுராவின் கவலையும். மகன் தைச்சி டோக்கியோவில் பார்த்துப் பிடித்துக்கொண்ட பெண் மியாகோ. அவளுடைய அப்பா ஷிராய், ஓஷிமா தீவுக்காரர். அதுவும் எரிமலைத் தீவு. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவர், "எண்பத்தாறுல எங்க மலை பொங்கினப்போ நெருப்பு வாய்க்காலா ஓடிச்சு. தீவே காலி. பத்தாயிரம் பேர் கப்பல் ஏறினோம். எங்க ஊர்ல அதை வெடிப்புன்னு சொல்ல மாட்டோம், திருநெருப்புன்னுதான் சொல்வோம்," என்றார்.

அரிமுராவுக்குச் சுருக்கென்றது. "எங்க மலை தினமும் வெடிக்கும். வாங்க, காட்டறேன்."

ஷிராய் அவசரமாகப் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் நான்கு மாசம் தேதி சொல்லாமல் இழுத்தடித்தார். நான்கு நாள் முன்னால் திடீரென்று, வருகிறோம் என்றார்.

தைச்சி, மியாகோவோடு படகுத் துறையில் இறங்கியதும் ஷிராய் முதலில் மலையைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"சத்தமே இல்லையே. நல்ல மலை."

அரிமுராவுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஷிராயின் மனைவி கினுயோ ஒன்றும் சொல்லாமல் குனிந்து வணங்கினாள்.

காரில் ஏறியதும் ஷிராய் தொண்டையைச் செருமினார். "கல்யாண விஷயமா நான் ஒண்ணு..."

வேண்டாம் என்று சொல்லப்போகிறார். அரிமுரா வண்டியை வேகமாகக் கிளப்பினார். இந்த ஊமை மலையைப் பார்த்துவிட்டு எவன் பெண் கொடுப்பான்?

"அதுக்கென்ன அவசரம்! இப்போ படகுல கடந்து வந்தீங்களே, ஒரு வளைகுடா. அது கடல்னா நினைச்சீங்க? ஒரு பெரிய பழைய எரிமலை வெடிச்சு, உள்ள இருந்ததெல்லாம் வெளிய போய், தரை அப்படியே உள்வாங்கின பள்ளம். அதுல கடல் புகுந்திருக்கு. எங்க மலை அந்தப் பள்ளத்தோட விளிம்புல முளைச்ச குழந்தை."

"அப்போ... நாங்க அதோட வாய்க்குள்ளதான் வந்தோமா?"

"வாய்க்குள்ளதான்!"

ஷிராய் ஜன்னலை ஏற்றிவிட்டார். சும்மா கேட்பது போல, "திரும்பிப் போற படகு எத்தனை மணிக்கு?" என்றார்.

போச்சு, இது பத்தவில்லை என்று நினைத்த அரிமுரா வண்டியை நேரே பக்கத்து ஊரான குரோகாமிக்கு விட்டார். அங்கே மூன்று மீட்டர் உயரக் கோயில் தோரணவாயில், மேலே ஒரு மீட்டர் மட்டும் தெரிய, மண்ணுக்குள் புதைந்து நின்றது.

"எங்க தாத்தா காலத்துல. ஒரே நாள்ல புதைஞ்சது. அந்த வருஷம் வந்த நெருப்புக் குழம்புல கடலே தூர்ந்து, தீவா இருந்தது கரையோட ஒட்டிக்கிச்சு. உங்க ஊர்ல இப்படி உண்டா?"

"ஒரே நாள்லயா?" ஷிராய் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அரிமுரா சார், அந்தக் கல்யாண விஷயம், ஒரு நிமிஷம் நான்..."

"சாப்பிட்டுப் பேசலாம்!"

"அப்பா, அவரைப் பேசத்தான் விடேன்," என்றான் தைச்சி.

"நீ சும்மா இருடா."

வீட்டில் ஷிராய் வாசல் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். செருப்பைக்கூட வெளியே பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் ஹெல்மெட்டுகளை எண்ணினார். அரிமுரா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சாப்பாட்டு மேசையில் இரண்டு அடுப்பு. ஒன்றில் நீர்த்த மிசோ சூப், இன்னொன்றில் கெட்டியான கிழங்குமாவுக் கஞ்சி.

"ஏங்க, விருந்துக்கு வந்தவங்க முன்னால இது என்ன வேலை?"

"தொமோயோ, நீ பாரு. இந்த சூப் உங்க மலை, சம்பந்தி. குழம்பு தண்ணியா இருக்கும். உள்ள இருக்கற வாயு சுலபமா வெளிய வந்துடும். அழகா ஓடும். குறை சொல்லல. இந்தக் கஞ்சி எங்க மலை. பிசுபிசுன்னு கெட்டி. வாயுவுக்கு வழி கிடையாது. அடைச்சுக்கிட்டு, அழுத்தம் ஏறி ஏறி..."

மூடியைப் போட்டு, பாரத்துக்கு ஒரு கல்லையும் வைத்தார்.

"இது எப்போ வெடிக்கும்?" ஷிராய் மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"அதான் எங்க மலை! எப்போன்னு யாருக்கும் தெரியாது!"

"அப்போ நான் சொல்ல வந்ததை இப்பவே சொல்லி..."

டப் என்றது. மூடி உத்தரத்தில் இடித்தது. ஒரு கைக் கஞ்சி ஷிராயின் வழுக்கைத் தலையில் வந்து அமர்ந்தது. "அப்பா!" என்று மியாகோ கத்தினாள். அதே நொடியில் வெளியே பீரங்கி போட்டது போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று அதிர்ந்தன.

அந்த வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. தைச்சி எழுந்து ஜன்னல்களைச் சாத்தினான். தொமோயோ, "ஐயோ என் துணி!" என்று கொடிக்கு ஓடினாள்.

அரிமுரா வாசலுக்குப் பாய்ந்தார். மலை திறந்திருந்தது. கரும்புகை தூண் தூணாக எழுந்து, சுருண்டு, வானத்தை முட்டியது. அடியில் மின்னல் ஒன்று வெட்டி மறைந்தது. பதினோரு நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாக விட்டது. அரிமுராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கின மாதிரி இருந்தது.

"பார்த்தீங்களா, சம்பந்தி! இதுதான் எங்க மலை!"

திரும்பினார். சம்பந்தி இல்லை.

அந்தத் தாழ்வான சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஷிராயின் தலையும் தோளும் போயிருந்தன. மீதி ஆள் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதன் ஓரத்தில் கஞ்சி வழிந்தது.

காலையிலிருந்து வாயே திறக்காத கினுயோ, சாம்பல் விழாமல் சூப் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"எண்பத்தாறுல முதல் கப்பல்ல முதல் ஆளா ஏறினவர் இவர். உங்க மலை ஒரு வாரமா சும்மா இருக்குன்னு டிவியில சொன்ன அன்னைக்குத்தான் டிக்கெட் எடுத்தார். அது மறுபடி வாயைத் திறக்கறதுக்குள்ள சரின்னு சொல்லிட்டு ஓடிடலாம்னு காலையில இருந்து பார்க்கறார், நீங்கதான் விடவே மாட்டேங்கறீங்க."