கவுதாரி இனி இங்கே இல்லை

இயேசு மரி சூசை துணை

பேசாலை,
ஆவணி, 1967.

மரியாதைக்குரிய சந்தியோகு அத்தானுக்கு உங்கள் தம்பி பெண்சாதி திரேசம்மா எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சிலாபத்தில் நோய் நொடியில்லாமல் இருக்க மடுமாதா பார்த்துக்கொள்ளட்டும். நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதத்தான் தொடங்கினேன், கை போகவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பியின் நினைவாக அவர் வளர்த்த கவுதாரியைக் கூட்டோடு கருவாட்டு லொறியில் ஏற்றிவிடச் சொல்லி, இல்லாவிட்டால் நீங்களே வந்து எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அத்தான் கோபிக்கக் கூடாது. கவுதாரி இனி இங்கே இல்லை. நேற்று அதைக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பற்றைக் காட்டுக்குள் திறந்துவிட்டேன். ஆகையால் நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம். ஏன் விட்டேன் என்று எழுதாவிட்டால் நான் அதைக் கறி வைத்துவிட்டேன் என்று அக்கா நினைப்பா, அதனால் எழுதுகிறேன்.

நெஞ்சு வருத்தத்தால் இவர் கடலுக்குப் போகக் கூடாதென்று டொக்டர் மறித்த பிறகு, கருவாடு வாங்க வருகிற கட்டுக்கரை ஏரம்புதான் அதைக் குஞ்சாகக் கொண்டுவந்து கொடுத்தார். "கடல் சத்தம் கேட்ட காது சும்மா கிடக்கக்கூடாது அண்ணை. இது கத்தும், கேட்டுக்கொண்டு இருங்கோ" என்றார். கத்தியது என்றால் அப்படி ஒரு கத்து. விடியும் முன்னே இவர் முற்றத்துக் கதிரையில் சாய்ந்திருந்து விசிலடிப்பார், நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து "இன்னும் விடியேல்லை, ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!" என்று ஏசுவேன், அது தெருமுனை வரை கேட்கக் கத்தும், இவர் சிரிப்பார். அதுதான் எங்கள் வீட்டுக் காலைச் செபம். இவரை அடக்கம் செய்த நாளிலிருந்து அது வாயே திறக்கவில்லை அத்தான். எனக்கு வேறொன்றும் வேண்டாம், ஒருதரம் கத்தினால் போதும், இவர் கதிரையில் இருக்கிறார் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்வேன். வீடோ செத்த வீடு. றேடியோ போடக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது என்று பக்கத்து வீட்டு எடித் மச்சாள் கட்டளை. நான் கோழியைக் கலைப்பதுகூடக் குசுகுசுத்துத்தான்.

கவுதாரிக்கு என்ன வருத்தம் என்று பார்க்க எடித்தின் புருஷன் கிறகரி அண்ணை வந்தார். எந்த மீனையும் இருட்டில் தடவியே பேர் சொல்லுகிற மனுஷன். இதைத் தூக்கிச் செட்டையை விரித்து, செவுள் தேடுகிறமாதிரிக் கழுத்தடியில் விரலை விட்டு, கண்ணை உற்றுப் பார்த்து, "கண் தெளிவாய்க் கிடக்கு, பழுதில்லை" என்றார். "அண்ணை, அது உயிரோடை நிக்குது" என்றேன். "அதுதானே சொல்லுறன், புதுசு" என்றார். எடித் மச்சாளோ இது கவுதாரியே இல்லை, காடை, இதுக்கு இவ்வளவுதான் குரல் என்று முடித்துவிட்டா. கிறகரி அண்ணை விசிலும் அடித்துப் பார்த்தார். முன்பல் இல்லாததால் காற்றுத்தான் வந்தது. அது கண்ணை மூடிக்கொண்டது.

வெக்கையாய் இருக்கிறதே என்று அதை வெளியே விட்டேன். நேரே அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழிக்குள் போய்ச் சரிந்து விழுந்து, செட்டையை அடித்து, காலை இழுத்து உதறத் தொடங்கியது. நான் சத்தமில்லாமல்தான் அழுதேன். குரல் உயர்த்தக் கூடாது என்ற எடித் மச்சாள்தான் "ஐயோ, சீவன் இழுக்குது, ஓடி வாங்கோ!" என்று தெருவையே கூப்பிட்டா. பெண்கள் முழங்காலில் நின்று நல்ல மரணத்துக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார்கள். இவருக்குத் தெளித்த தீர்த்தத்தில் மிச்சம் இருந்ததை நான் போத்தலோடு அதன் தலையில் கவிழ்த்தேன். அது எழும்பி, சொட்டச் சொட்ட நின்று, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. கறிக்கு உப்புப் போட மறந்த நாளில் இவர் பார்க்கிற அதே பார்வை.

மனம் பொறுக்காமல் கூட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஏரம்பு வீட்டுக்குப் போனேன். அவர் பெண்சாதி சிவபாக்கியம் அக்கா கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "அது புழுதியிலை குளிக்கிற சாதி தங்கச்சி. குளிச்சுக்கொண்டு நிண்டவருக்கே சாவுச் செபம் சொன்னனீங்கள்?" குதிக்கு மேலே முளைத்திருந்த முள்ளைக் காட்டி, இது சேவல், கவுதாரியேதான் என்றா. "இதுகள் சோடியாய்த் திரியிற சீவன். ஒண்டு குரல் குடுத்தால்தான் மற்றது மறுகுரல் குடுக்கும். இதுக்குப் பழகின குரல் இப்ப கேக்கேல்லையாக்கும்."

பழகின குரல் சேமக்காலைக் கல்லறையில் மணலுக்குள் கிடக்கிறதே, அதற்கு நான் எங்கே போவேன்? தன் இனத்தின் குரலையாவது கேட்கட்டும் என்று வயல் ஓரப் பற்றையில் கூட்டைத் திறந்தேன். செட்டை இருந்தும் பறக்கவில்லை, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை. வரும்போது கொண்டக்டர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து "எங்கை ஆள்?" என்றார். "இறங்கீட்டார்" என்றேன். பிறகு மன்னார் வரை அழுதேன்.

ஆகையால் அத்தான் வர வேண்டாம். இங்கே பார்க்கவும் ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. கூட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அக்காவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
சிங்கராசா திரேசம்மா

பி.கு. முத்திரை இல்லாமல் இந்தக் கடிதம் இரண்டு நாள் அலுமாரியில் கிடந்துவிட்டது. மேலே எழுதியதை நம்ப வேண்டாம். நேற்றுப் பின்னேர பஸ்ஸில் ஏரம்பு கவுதாரியைப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அந்த இடத்துக் கவுதாரிகள் கொத்திக் கலைக்க, அவர்கள் முற்றத்திலேயே வந்து நின்றதாம். இன்று விடியும் முன்னே அது குசினி வாசலில் சட்டி முட்டியை உருட்டியது. நித்திரைக் கலக்கத்தில் எல்லாம் மறந்துபோய், "இன்னும் விடியேல்லை, ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டேன். அத்தான், அது கத்தியது. தெருமுனை வரை கேட்கக் கத்தியது. எடித் மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அது இவ்வளவு காலமும் மறுகுரல் கொடுத்தது இவர் விசிலுக்கு இல்லை, என் ஏச்சுக்கு. அதற்குத்தான் இவரும் சிரித்திருக்கிறார். நான் இவருடைய பறவை என்றல்லவா நினைத்திருந்தேன்.

நீங்கள் கட்டாயம் வாங்கோ. கூட்டைக் கேட்க வேண்டாம். விடிய முன்னம் அந்தக் கதிரையில் ஒருதரம் இருங்கோ. அது கத்தி முடிய, சிரிக்க ஒரு ஆள் வேணும்.