இரண்டு அங்குல மேடை

வாகனத் தகுதி அலுவலகத்தின் நடைமுறைப்படி, ஒரு பைக்கின் உயரம் என்பது தரையிலிருந்து ஹேண்டில்பார் வரைக்குமான தூரம். ஓட்டுகிறவனின் உயரம் அதில் சேராது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் தெருவில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் நெட்டை, ஆறடி மூன்று அங்குலம். நாள் முழுக்கக் குனிந்தே ஓட்டி முதுகு போய்விட்டது. "இப்படியே ஓட்டினா அடுத்த வருஷம் உன்னைத் தூக்கிட்டுதான் வரணும்" என்றார் டாக்டர். மெக்கானிக் ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு அங்குல ரைசர் கட்டை வைத்தார். கிளட்ச் கேபிளை நீளமானதாக மாற்றி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். நெட்டை நிமிர்ந்து ஓட்டினான். பார்க்கவே மனசு குளிர்ந்தது.

பிறகு வருடாந்தரச் சோதனை வந்தது. அளவு அதிகாரி டேப்பை வைத்தார்.

"ரெண்டு இஞ்ச் கூட இருக்கே?"

"முதுகுவலி சார். டாக்டர் சீட்டு இருக்கு."

"சீட்டு உனக்கு. பைக்குக்கு முதுகுவலியா?"

"இல்ல சார்."

"அப்ப கழட்டு."

"கழட்டினா ஓட்ட முடியாது சார். உங்க முத்திரை இல்லேன்னா வேலையும் போயிடும்."

அதிகாரி கல்நெஞ்சர் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ரைசரை அனுமதிக்க அவருக்கு அதிகாரமில்லை. பதிவேட்டில் பைக்குக்கு எழுதியிருந்த உயரத்தைத் திருத்தவும் அதிகாரமில்லை. தரையைப் பற்றி மட்டும் விதி வாயே திறக்கவில்லை. ஆகவே, 'மேற்படி நபரின் நிலையைக் கருணையுடன் பரிசீலித்து', டேப் ஊன்றும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் மேடை போட உத்தரவிட்டார். பைக் பழைய தரையில் நின்றது, டேப் மேடையில் நின்றது. அளவு கச்சிதம். நெட்டை கையெடுத்துக் கும்பிட்டான்.

அடுத்து நின்றவர் தையல்காரர்.

"ரெண்டு இஞ்ச் குறையுதே!"

"நான் எதையும் தொடவே இல்லையே சார்!"

"அதான்யா தப்பு."

ஒரே மாதத்தில் மெக்கானிக் கடையில் நிற்க இடமில்லை. ரைசர் இல்லாத பைக் மொட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு அங்குலம் பழசாகி நாலு அங்குலம் வந்தது. நான் ஐந்தடிதான், நானும் நாலு போட்டேன். எட்டிப் பிடித்து ஓட்டுவதில் ஒரு கம்பீரம் இருந்தது. தோளில் வலியும் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

மறுவருடம் சோதனையில் எங்கள் நாலு அங்குலமெல்லாம் இரண்டு அங்குலம் அதிகம் என்று திரும்பியது. வரிசையில் நெட்டை மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, ஒரு கடப்பாரை போதும். மேடையை இடிச்சுட்டா எல்லாரும் கட்டையைக் கழட்டிடலாம்."

"அப்ப உன் பைக்?"

"என் முதுகை நான் பார்த்துக்கிறேண்ணே."

எங்களுக்கு வந்ததே கோபம்! ஆசை ஆசையாகப் போட்ட கட்டையைக் கழட்டச் சொல்ல இவன் யார்? அங்கேயே ஒரு மனு எழுதினோம், மேடையை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்தக் கோரி. முதல் கையெழுத்து என்னுடையது. பொதுமக்கள் விருப்பம் என்பதால் அன்றைக்கே உத்தரவாகிவிட்டது.

புது மேடையில் எல்லோரும் தேறினோம். நெட்டையின் பைக் மட்டும் இரண்டு அங்குலம் குறைந்தது. அதிகாரி பாவம், சங்கடப்பட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நாங்களே அவனுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பினோம்.