பஞ்சுக்குள் எலி, படிக்கட்டில் பூனை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். எலிகளும் நலம். நீங்களும் என் மகளும், நான் இன்னும் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு எலி இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். நியாயம்தான். கீழே மெத்தைக் கடை, மேலே வீடு, பஞ்சு மூட்டைக்குள் எலிகளின் குடித்தனம். ஒருவர் படுத்துப் பார்த்த மெத்தை 'கீச்' என்றதும் எழுந்து போனவர் இன்றுவரை திரும்பவில்லை. அதனால்தான் ஒரு பெண் பூனையைக் கொண்டுவந்தேன். அது வயிறாரத் தின்றது, குட்டி போட்டது, குட்டிகளும் வளர்ந்து வேட்டையில் இறங்கின, விஷயம் தெரிந்து தெருப் பூனைகளும் வந்து சேர்ந்தன, எலிச் சத்தம் அடங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களோ வயல் எலிகளையும் அவற்றைத் தின்னும் ஆந்தைகளையும் எண்ணுவதே உத்தியோகமாக இருப்பவர். "அவசரப்படாதீங்க மாமா. எலி எண்ணிக்கை ஏறினா பின்னாலயே பூனை ஏறும். எலி இறங்கினா பின்னாலயே பூனையும் இறங்கும், கொஞ்சம் தாமதமா. அப்புறம் திரும்பவும் எலி ஏறும்" என்றீர்கள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். அப்படியேதான் நடந்தது. எலி கிடைக்காத பூனைகள் மெலிந்து, அடுப்படிப் பாலில் வாய் வைத்து அடி வாங்கி, ஒவ்வொன்றாக மீன் கடைப் பக்கம் நடையைக் கட்டின. மூட்டைக்குப் பின்னால் தப்பிக் கிடந்த நாலைந்து எலிகள், கேட்பாரில்லாமல் மறுபடி பெருகிவிட்டன.

விடுவேனா? பசியால்தானே பூனைகள் போகின்றன, சோறு போட்டு நிறுத்திவைத்தால் எலி எப்படித் தலையெடுக்கும் என்று, திரும்பி வந்த பூனைகளுக்கு வேளாவேளைக்குத் தட்டு வைத்தேன். அவை தின்றுவிட்டு, விற்பனைக்கு இருந்த மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டன. மிச்சத்தை எலிகள் தின்றன. என் புண்ணியத்தில் இரண்டு கூட்டமும் செழிப்பாக இருக்கிறது என்று உங்கள் அத்தை பாராட்டினாள். அதையும் பொறுத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன ஆந்தைப் பெட்டியை மொட்டைமாடியில் மாட்டினேன். ஆந்தை வரவில்லை. ஒரு எலி என் பஞ்சையே கொண்டுபோய்ப் பரப்பி அதில் குட்டி போட்டிருக்கிறது.

ஆனாலும் நான் அசரமாட்டேன். தட்டு இன்றோடு நிறுத்தம். ஓட்டையெல்லாம் சிமெண்ட், பஞ்செல்லாம் தகரப் பீப்பாயில். எத்தனை சுற்று வந்தாலும் சரி, கடைசி எலி போகும்வரை கடையை விட்டு ஓர் அடி நகர்வதில்லை. அதுவரை நீங்கள் வர வேண்டாம், நாங்களும் வருவதாக இல்லை. பேத்தியைப் பார்க்க மனசு கிடந்து தவிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக எலியிடம் தோற்றவன் வீட்டுக்கா அவளை அழைப்பது?

மகளுக்கும் உங்களுக்கும் நீண்ட ஆயுளும் எலியில்லாத வீடும் அமையட்டும். பேத்திக்கு என் சார்பில் கன்னத்துக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
மெத்தைக்கடை மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "எலியும் பூனையும் மாத்தி மாத்தி வந்துக்கிட்டேதான் இருக்கும். பிள்ளை ஒரு தடவைதான் தவழும்" என்றாள். கடையைப் பூட்டிவிட்டோம், இதைக் கையிலேயே கொண்டுவருகிறேன். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் வீட்டுத் தரையில் இரண்டு பேர் தவழ்ந்துகொண்டிருப்போம்.